பூனை என்று சொல்லிப் புதைத்த மெஷின்

சக்களத்தி ஒருத்தி வந்தாலே வீடு இரண்டுபட்டுப் போகும் என்பார்கள். எனக்கு ஒன்பது சக்களத்திகள். ஒன்பதும் இரும்பு. சோறு கேட்காது, சேலை கேட்காது. ஆனால் ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஒரு ஜன்னல் படி என்று எனக்கு எதையும் மிச்சம் வைக்காது. எண்ணெய் மட்டும் கேட்கும். என் தலைக்கு வைக்க எண்ணெய் இல்லாத நாளிலும் அதுகளுக்கு இருக்கும்.

என் மனுசன் ஸஹாப்தீன் மாத்தளை டவுனில் கராம்பும் மிளகும் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பனி ஒன்றில் கிளார்க்காக இருந்தவர். கந்தோருக்கு, அதுதான் ஆபிஸுக்கு, கம்ப்யூட்டர் வந்த அன்று அவருடைய டைப்ரைட்டரைத் தூக்கி ஸ்டோருக்குள் போட்டார்கள். இவர் அதைக் கேட்டு வாங்கி, காய்ச்சல் வந்த பிள்ளையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொங்காவெலையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அதுதான் முதலாவது. பிறகு ரத்தோட்டைப் பக்கம் எந்தத் தோட்டக் கந்தோரில் பழைய சாமான் ஏலம் போட்டாலும் இவர் அங்கே நிற்பார். கையால் அடிப்பது, கரண்டில் ஓடுவது, எல்லாம் வந்தது. கரண்டில் ஓடும் மெஷினுக்கு சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே தேத்தண்ணி குடிப்பார். என் பேச்சை அவ்வளவு ஆசையாக ஒரு நாள் கேட்டிருப்பாரா?

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. மெஷினின் மேலே காகிதத்தைச் சுமந்துகொண்டு ஓடுகிற பாகத்துக்கு கெரேஜ் என்று பெயர். உள்ளே ஒரு ஸ்பிரிங் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் எழுத்து அடிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். வரி முடியப் போகிறது என்றால் 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். உடனே கை போய் ஓரத்துக் கைப்பிடியைத் தள்ள, கெரேஜ் 'சர்ர்ர்க்' என்று தொடக்கத்துக்குத் திரும்பும். இதெல்லாம் எனக்கு ஏன் தெரியும்? வருசக்கணக்காகக் காதுக்குள் போட்டு இடித்தால் தெரியாமல் போகுமா?

மெஷினை இடம் மாற்றும்போது அந்தக் கெரேஜை நடுவில் நிறுத்தி ஒரு வெள்ளை நாடாவால் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வழியில் தானாக ஓடி முட்டி உடையும். இதுதான் சட்டம். தூசி தட்ட நான் ஒன்றை ஒரு சாண் நகர்த்தினாலும், "கட்டாம தூக்காதீங்க, கட்டாம தூக்காதீங்க" என்று கத்திக்கொண்டு ஓடி வருவார். எங்கள் மகள் ஜஸ்லா கல்யாணம் முடித்து அக்குறணைக்குப் போகிற அன்றுகூட, "வாப்பா, என்னையும் நாடாவால கட்டி அனுப்புங்க" என்று கேலி செய்துவிட்டுத்தான் போனாள்.

ஒன்பதாவதாக வந்தது அரபு மெஷின். எழுத்தெல்லாம் அரபு. யாரோ பழைய மத்ரஸா ஒன்றில் பரீட்சைத் தாள் அடித்த மெஷின், கம்ப்யூட்டர் வந்ததும் வேண்டாம் என்று கொடுத்தார்கள். அரபு வலது பக்கம் தொடங்கி எழுதுவது அல்லவா, அதனால் இந்த மெஷினில் எல்லாமே மறுபக்கம். கெரேஜ் எதிர்த்திசையில் ஓடும். தள்ளுகிற கைப்பிடியும் மற்ற மெஷின்களில் இடது பக்கம், இதில் வலது பக்கம். இவருக்கு அரபு எழுதக்கூடத் தெரியாது, ஓத மட்டும்தான் தெரியும். இருந்தும் இதன்மேல்தான் கொள்ளை ஆசை. "எல்லாம் ஒரு பக்கம் ஓடக்குள்ள இது மட்டும் தனியா ஓடுது, பாருங்க ஹமீமா" என்பார். பக்கத்துப் பிள்ளைகளின் பெயர்களை அரபு எழுத்தில் அடித்துக் கொடுப்பார். மாதம் ஒன்றுக்குள் வலது கையால் தள்ளுவதற்கு நல்லாய்ப் பழகிக்கொண்டார்.

பிறகு அந்த ஈஸ்டர் ஞாயிறு வந்தது. சர்ச்சுகளில் குண்டு வெடித்தது. எங்களுடைய பெயர் போலப் பெயர் வைத்தவர்கள் செய்த அநியாயம் அது. டீவியில் அந்தப் பிள்ளைகளின் சவப்பெட்டிகளைப் பார்த்து நான் அழுத அழுகைக்கு அளவில்லை. ஆனால் நான் அழுதது யாருக்குத் தெரியும்? அடுத்த நாளே ரோட்டில் போகிறவர்களின் பார்வை மாறிப்போனது. பக்கத்து வீட்டு மரிய கொறற்றி வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். பெருநாளுக்கு நான் வட்டிலாப்பம் கொடுக்க, கிறிஸ்மஸ் நத்தாருக்கு அவள் கேக் கொடுப்பாள். அவள் மதிலுக்கு மேலால் பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் குற்றம் சொல்லவில்லை. அவளுக்குப் பயமா, கோபமா, வெட்கமா என்று தெரியவில்லை. எனக்கும் முகம் கொடுக்கத் தைரியம் வரவில்லை.

நோன்பு தொடங்கியது. அதோடு செக்கிங்கும் தொடங்கியது. ஆமிக்காரர் வீடு வீடாக வந்தார்கள். எங்கள் ரோட்டு முனையில் தையல் கடை வைத்திருந்த பலீல் நானாவை விசாரிக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் வீட்டுச் சுவரில் பழைய அரபுக் கலண்டர் ஒன்று தொங்கியதாம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லையாம். ரோட்டில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். உண்மையான காரணம் வேறாக இருக்கலாம். அன்றுவரை ஆள் திரும்பி வரவில்லை என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் பயம் இல்லை என்று சொன்னவன் அந்த மாதம் மாத்தளையில் இருந்திருக்க மாட்டான்.

ஜஸ்லா அக்குறணையிலிருந்து கோல் எடுத்தாள்.

"உம்மா, வாப்பாட அந்த அரபு மெஷின் இன்னும் முன்னுக்குத்தான் இரிக்கா? யா அல்லாஹ்! எங்கயாவது போடுங்கம்மா. இங்க ஆக்கள் ஓதுற கிதாபையே எரிக்கிறாங்க."

நான் போனை வைத்துவிட்டு முன் அறைக்கு வந்தேன். இவர் அந்த மெஷினுக்குத்தான் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஜஸ்லாட வாப்பா, இத ஒழிச்சிப்போடணும்."

"எங்க?"

"சுது கங்கையில போடுங்க."

"பாலத்துல ஆமி நிக்கிது. பேக்கத் திறந்து பாப்பாங்க."

"அப்ப உடைங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஜஸ்லாவையே உடைக்கச் சொன்னதுபோல் இருந்தது. "உடைக்கிற சத்தம் ரோட்டுக்குக் கேக்கும்" என்று மட்டும் சொன்னார். அதுவும் சரிதான். கடைசியில் வீட்டுக்குப் பின்னால் வளவில் புதைப்பது என்று தீர்மானித்தோம். அந்த யோசனை சொன்னது நான்தான். ஆமி தேடிக்கொண்டு திரிகிற காலத்தில் இரும்புச் சாமானை மண்ணில் புதைக்கச் சொன்ன புத்திசாலி நான்தான். பயம் வந்தால் மூளை முதலில் வீட்டைவிட்டுப் போய்விடும்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மழை கொட்டியது. ரோட்டில் ஆள் இல்லை. முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் அவர் குழி வெட்டினார். நோன்பு வாய், நீரிழிவு உடம்பு, மண்வெட்டியைத் தூக்கும்போதெல்லாம் மூச்சு வாங்கியது. நான் மெஷினைப் பழைய பெட்ஷீட்டால் சுற்றினேன். அதற்கு மேல் கறுப்பு பொலித்தீன். அதற்கு மேல் கயிறு. இறுக்கி இறுக்கி முடிச்சுப் போட்டேன். அவரும் ஒரு பக்கம் பிடித்தார். பாதியில் ரோட்டில் ஒரு வாகனச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அப்படியே உறைந்துபோனோம். அது பேக்கரி த்ரீவீலர். போய்விட்டது. மிச்சத்தை அவசர அவசரமாகக் கட்டி, குழிக்குள் இறக்கி, மண்ணைத் தள்ளி மிதித்தோம்.

நிமிர்ந்தால் மதிலுக்கு மேல் மரிய கொறற்றியின் தலை. குடை பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று வாரமாகப் பேசாதவள் அன்றைக்குத்தானா பேச வேண்டும்?

"என்ன ஹமீமாக்கா, மழையில வெட்டுறீங்க?"

"பூன மௌத்தாப் போச்சு கொறற்றி" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

"ஐயோ, அந்த மஞ்சப் பூனையா? பாவம்" என்றாள். உள்ளே போய்விட்டாள். அவள் நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முழுவதும் மஞ்சள் பூனையை அறைக்குள் போட்டுப் பூட்டி வைத்து, கருவாடு கொடுத்து வாயை அடைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கூத்தை யாரிடம் சொல்வேன்?

அந்த வாரத்தில் ஒரு நாள், லுஹர் தொழுதுவிட்டு எழும்பும்போது ஆமிக்காரர் வந்தார்கள். ஒரு சார்ஜன்ட், வயது ஐம்பதுக்குக் கிட்ட இருக்கும். அவரோடு மூன்று நான்கு இளம் பையன்கள், தோளில் துவக்கோடு. ஒருவன் கையில் இரும்பு தேடுகிற கருவி, நீளத் தடியில் வட்டத் தட்டு. பேச்செல்லாம் சிங்களத்தில்தான், நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

முன் அறையில் எட்டு டைப்ரைட்டரையும் பார்த்ததும் சார்ஜன்ட் நின்றார். ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். ஒரு எழுத்தை அமத்தினார். "எதற்கு இவ்வளவு?" என்று கேட்டார்.

"ஆசைக்கு, சேர்" என்றார் இவர்.

"ஆசைக்கா?" என்று அவர் ஒரு மாதிரிச் சிரித்தார். நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று விளங்கவில்லை. அலுமாரி பார்த்தார்கள், அரிசி டின் பார்த்தார்கள், மெத்தையைப் புரட்டினார்கள். ஒன்றும் உடைக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். முடிந்தது, போகப் போகிறார்கள் என்று நான் மூச்சுவிட்ட நேரத்தில் கருவிக்காரப் பையன் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வளவுக்குப் போனான்.

முருங்கை மரத்தடிக்கு வந்ததும் அந்தத் தட்டு கத்தியது. என்ன கத்தல்! மூக்கறுத்த பேய்போல் 'வீல்' என்று. பையன் காலை எடுத்து வைத்தான், மண் மெதுவாக இறங்கியது. புது மண்.

"மே மொக்கக்த?" என்று சார்ஜன்ட் கேட்டார். இது என்ன என்று.

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நோன்பு வறட்சி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அப்போது மதிலுக்கு மேலால் ஒரு குரல் கேட்டது.

"பூசா, சேர்! அவங்கட பூனை செத்துப் போச்சு. நான் கண்ணால கண்டன் புதைக்கிறத."

மரிய கொறற்றி. அல்லாஹ் அவளுக்கு நல்லதையே கொடுக்கட்டும். அவள் எங்களைக் காப்பாற்றத்தான் வந்தாள். ஆனால் சார்ஜன்ட் கருவியைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பூனை இரும்பா சாப்பிட்டது?" என்றார்.

அந்த நேரம் பார்த்து, மெத்தை புரட்டப் போனவர்கள் திறந்துவிட்ட அறையிலிருந்து மஞ்சள் பூனை வெளியே வந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு, எல்லார் முன்னாலும் நடந்து, சார்ஜன்டின் சப்பாத்தில் முதுகை உரசியது. சனியன் பிடித்த பூனை! நான் அன்றைக்கு அதை உண்மையிலேயே புதைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் சுவரோடு நிறுத்தினார்கள். ஒரு பையன் துவக்கை இவரை நோக்கிப் பிடித்தான். அவனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. அவன் கை என் கையைவிட அதிகமாக நடுங்கியது, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சார்ஜன்ட் மரிய கொறற்றியை உள்ளே போகச் சொல்லிக் கத்தினார். ரோட்டில் ஆட்கள் கூடும் சத்தம் கேட்டது.

"உள்ளே என்ன?"

"மெஷின் சேர். டைப் மெஷின்" என்றேன்.

"டைப் மெஷின் வீட்டுக்குள்ளே மேசையில் இருக்கிறதே. மண்ணுக்குள் இருப்பது என்ன?"

"அதுவும் டைப் மெஷின்தான் சேர்."

எனக்கே அது பொய்போல் கேட்டது. எட்டை மேசையில் வைத்து ஒன்பதாவதை மண்ணில் புதைக்கிறவள் யார்?

மெதுவாக மண்ணை விலக்கினார்கள், கையால். கறுப்புப் பொட்டலம் வெளியே வந்தது. கயிறு சுற்றிச் சுற்றி, மூலைகள் முட்டிக்கொண்டு. டீவியில் காட்டிய படங்கள் எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. நானே கட்டிய பொட்டலத்தைப் பார்த்து நானே நடுங்கினேன் என்றால் அந்தப் பிள்ளைகளைச் சொல்லி என்ன? குண்டு செயலிழக்கச் செய்கிறவர்களைக் கூப்பிட வேண்டும் என்று ஒருவன் சொன்னான். அதற்குள் இன்னொருவன், அவசரக்காரன், குந்தியிருந்து கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டான்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நாடா. அன்றைக்கு மழையில், பேக்கரி த்ரீவீலர் சத்தத்தில், கெரேஜைக் கட்டவில்லை. ஆயுசு முழுக்கக் கத்தித் திரிந்த மனுசன் அன்று ஒரு நாள் மறந்துபோனார். என் கயிறுதான் இவ்வளவு நாளும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

பொட்டலத்துக்குள்ளிருந்து 'சர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். பிறகு,

'டிங்.'

எல்லாரும் மண்ணில் விழுந்தார்கள். கயிறறுத்தவன் கத்தியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். நான் கலிமாவைச் சொல்லிக்கொண்டே விழுந்தேன். வாய்க்குள் மண் போனது, நோன்பு முறிந்ததா என்று ஒரு கணம் யோசித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. முடிந்தது என்று நினைத்தேன்.

விழாமல் நின்றது ஒரே ஒரு ஆள். என் மனுசன். மணி அடித்துவிட்டது அல்லவா? கெரேஜ் ஓரத்துக்கு ஓடிவிட்டது அல்லவா? அவருடைய வலது கை தானாக நீண்டது. ஒரு அடி முன்னால் வைத்தார். இரண்டாவது அடியும் வைத்தார். பொட்டலத்தை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு போகிற ஒரு தாடிக்கார மனுசன். படுத்துக்கிடந்த அந்த மீசை முளைக்காத பையன் துவக்கைத் தூக்கினான்.

நான் கத்தினேன். சத்தியமாகக் கத்தினேன், ஆனால் சத்தம் வரவில்லை. அவன் விரல் வளைவது எனக்குத் தெரிந்தது. இந்த உலகத்தில் எனக்கிருக்கும் ஒரே மனுசன், ஒரு மணிச் சத்தத்துக்குக் கை நீட்டி நிற்கிறார்.

"வெடி தியன்ன எப்பா!"

சுடாதே. சார்ஜன்டின் குரல். நான் தலையைத் திருப்பினேன். அவர் குப்புறப் படுத்திருந்தார், முகமெல்லாம் சேறு. ஆனால் அவருடைய இடது கை மட்டும் மேலே எழும்பி நின்றது. அந்தக் கை காற்றில் எதையோ வலது பக்கமாகத் தள்ளியது. அவர் அதைப் பார்த்தார், யாரோ மற்றவனுடைய கையைப் பார்ப்பதுபோல் தன் கையையே பார்த்தார்.

பிறகு சேற்றில் கிடந்தபடியே சிரிக்கத் தொடங்கினார்.

"டைப்ரைட்டர்தான்டா" என்று பையன்களிடம் சொன்னார். "அது வரி முடிகிற மணிடா. எழும்புங்கள்."

எழும்பி உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். கிளார்க் வேலைக்கு என்று சின்ன வயதில் டைப்பிங் வகுப்புக்குப் போனாராம். மணி அடித்தும் கை போகாவிட்டால் டீச்சர் அடிமட்டத்தால் விரல் மொளியில் அடிப்பாளாம். கிளார்க் வேலை கிடைக்கவில்லை, ஆமி கிடைத்தது. "எத்தனை வருசம்! கை மறக்கவில்லை, பார்த்தீர்களா ஐயா?" என்று இவரிடம் சொன்னார். ஐயா என்றார். எனக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. இவரும் சிரிக்கப் பார்த்தார், உதடுதான் இழுபட்டது.

சார்ஜன்ட் ஆசையாகப் பொலித்தீனைக் கிழித்தார். பெட்ஷீட்டை விலக்கினார். அந்த இடது கையால் கைப்பிடியைத் தேடினார். அங்கே ஒன்றும் இல்லை. இன்னும் தடவினார். இல்லை. கைப்பிடி வலது பக்கம் இருந்தது. பிறகு குனிந்து எழுத்துகளைப் பார்த்தார்.

சிரிப்பு நின்றது. பாதி வந்த உயிர் அப்படியே திரும்பிப் போனது.

"அரபு" என்றார்.

பையன்கள் மீண்டும் துவக்கைச் சரியாகப் பிடித்தார்கள்.

"இதை ஏன் புதைத்தீர்கள்?"

நான்தான் சொன்னேன். மண்ணைத் துப்பிவிட்டுச் சொன்னேன். "பயம் சேர். முனையில இருந்த பலீல் நானாவ ஒரு கலண்டருக்காகக் கூட்டிப் போனாங்கன்னு சொல்றாங்க. இதுல ஒரு கலண்டர் இல்ல, ஆயிரம் கலண்டர் அடிக்கலாம். என் மனுசனக் கூட்டிப் போனா அவருக்கு மருந்து யார் கொடுப்பா? அதான் புதைச்சோம். பயம்தான் சேர், வேற ஒண்ணுமில்ல." சொல்லும்போது எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. குண்டு வைத்தவர்கள்மேலா, துவக்குப் பிடித்தவர்கள்மேலா, மெஷின்மேலா, பூனைமேலா? அழுகையும் அதோடு வந்தது.

சார்ஜன்ட் மெஷினுக்கு முன்னால் குந்தி, ஒரு எழுத்தின் மேலிருந்த மண்ணை விரலால் தட்டினார்.

"என் பெயர் அடிக்க முடியுமா?" என்றார். "விஜேகோன்."

நான் உள்ளே போய் ஒரு தாள் எடுத்து வந்தேன். என்னோடு ஒரு பையன் துவக்கோடு வந்தான், ஒரு தாளுக்கு. இவர் மண்ணில் மண்டியிட்டுத் தாளைச் செருகினார். விரல் எழுத்தில் நிற்கவில்லை, வழுக்கியது. மூன்றாவது முயற்சியில் அடித்தார். வலது பக்கமிருந்து ஒவ்வொன்றாக எழுத்து வந்தது. கெரேஜுக்குள் மண் அரைபட்டது. அடித்து முடித்துத் தாளை உருவி நீட்டினார்.

சார்ஜன்ட் அதைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இதுவா நான்?" என்றார். சின்னப் பிள்ளைபோல் முகம் கொஞ்சம் மலர்ந்தது. அழகாக நான்காக மடித்துச் சட்டைப் பொக்கட்டில் வைத்தார். பொத்தானையும் போட்டார்.

பையன்களை முன்னால் அனுப்பினார். "மற்ற எட்டோடு இதையும் மேசையில் வையுங்கள். மண்ணுக்குள் இருந்தால்தான் நாங்கள் தோண்டுவோம்" என்றார். "ரிப்போர்ட்டில் பூனை என்றே எழுதுகிறேன்" என்றும் சொன்னார். நான் அவருக்கு துஆ செய்ய வாயெடுத்தேன்.

கேற்றுக்குக் கிட்டப் போனவர் நின்றார். திரும்பி வந்தார். பொத்தானைக் கழற்றி, அந்தத் தாளை எடுத்து என் கையில் வைத்தார்.

"இந்த எழுத்து என் பொக்கட்டில் இருந்தால் என்னையும் கேட்பார்கள், அம்மா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. போய்விட்டார்.

தாளை நான் அடுப்பில் போட்டேன். துவக்குக்காரனுக்கே பயம் என்றால் நான் எம்மாத்திரம்?

அன்று நோன்பு திறக்க மரிய கொறற்றி மதிலுக்கு மேலால் ஒரு கோப்பை கஞ்சி நீட்டினாள். அவளுக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியாது, தண்ணீராக இருந்தது. இரண்டு பேரும் மதிலின் இரண்டு பக்கமும் நின்று அழுதோம். "பூனன்னு சொல்லிக் கெடுத்துப்போட்டேனே அக்கா" என்று அவள் அழுதாள். பலீல் நானாவும் பெருநாளைக்குப் பிறகு வந்து சேர்ந்தார், பாதி ஆளாக. இன்றுவரை எதையும் சொல்வதில்லை.

இவர் அன்று பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டு, மென்றாரா விழுங்கினாரா தெரியாது, ஸ்குரூட்ரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்பது மெஷினிலும் மணியைக் கழற்றினார். சின்னச் சின்னக் கிண்ணங்கள்போல் இருந்த மணிகளைப் பால்மா டின்னுக்குள் போட்டு மூடி, அலுமாரிக்கு மேல் வைத்தார். நான் தடுக்கவில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் அடிப்பது குறைந்தது. அடித்தாலும் சத்தமில்லாமல் மெதுவாக அடிப்பார். ஒரு வருசம் போயிருக்கும். ஒரு நாள் தேத்தண்ணி கொண்டுபோனேன். தோட்டக் கந்தோரிலிருந்து வந்த பழைய தமிழ் மெஷினில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். வரி ஓரத்துக்கு வந்து நின்றுவிட்டது, மணி இல்லாததால் இவருக்குத் தெரியவில்லை. எழுத்துக்கு மேல் எழுத்து, அதற்கு மேல் எழுத்து, ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. கரியால் வைத்த பொட்டுப்போல் கறுத்து, தாள் ஓட்டையாகிப் போனது. ஒவ்வொரு வரியிலும் அப்படி. இவர் குனிந்தபடி அடித்துக்கொண்டே இருந்தார். எங்கே திரும்ப வேண்டும் என்று கைக்கு மறந்துபோனது.

எனக்கு வந்த ஆத்திரம்! இந்த மெஷின்களைத் திட்டித் திட்டியே வாழ்ந்தவள் நான். ஸ்டூலைப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த டின்னை எடுத்து அவர் முன்னால் 'டொம்' என்று வைத்தேன்.

"போடுங்க" என்றேன்.

"வாணாம் ஹமீமா. நீங்க பயப்படுவீங்க."

"பயப்படுவேன்தான். போடுங்க."

ஒவ்வொன்றாகப் பூட்டினார். அரபு மெஷினுக்குக் கடைசியாகப் பூட்டினார். அது இப்போது முன் மேசையில்தான், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் இருக்கிறது. இப்போதெல்லாம் சீகிரியா ஹோட்டல்களில் வேலை செய்கிற பையன்களும் பிள்ளைகளும் லீவுக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கு வந்து மெஷின்களோடு படம் பிடிப்பார்கள். அந்த மணிச் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொண்டு, "எவ்வளவு இனிமையா இருக்கு அங்கிள், இன்னொருக்கா" என்பார்கள். அதுகளுக்கு என்ன தெரியும்? தெரியாமலே இருக்கட்டும்.

நான் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்பேன். முன் அறையில் 'டிங்' என்று கேட்கும். என் கை அப்படியே நின்றுவிடும். முருங்கை மரம், சேறு, நீட்டிய அந்த வலது கை, வளைகிற அந்த விரல், எல்லாம் வந்து போகும். பிறகு அவர் கை போய் கெரேஜைத் தள்ளுகிற 'சர்ர்ர்க்' கேட்கும். அது கேட்டால்தான் மனுசன் இருக்கிறார் என்று அர்த்தம். அதுவரை என் கத்தி வெங்காயத்தின் மேல் அப்படியே நிற்கும்.